மாற்றுச் சாவி எங்கே? ஏஜிஸ் செயலியோடு இரண்டு வருடம்

நான் சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலை விற்கிறவள். கடை என்று கட்டடம் கிடையாது. வீட்டு முன்னறையில் ஒரு கொடி, ஒரு வெள்ளை விளக்கு, ஒரு போன், அவ்வளவுதான். அந்தப் போனில் சேலைப் படம் போடுகிற பக்கம்தான் என் கடை. இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆடியில் அந்தக் கடையை நாலே நிமிடத்தில் ஒருவன் தூக்கிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு என் போனில் குடியேறியதுதான் ஏஜிஸ் (Aegis), கடவுச்சொல்லுக்கு மேல் இரண்டாவது பூட்டாக ஓர் எண்ணைக் காட்டுகிற செயலி. இரண்டு வருடம் பழகிவிட்டேன், ஒருமுறை அதைத் தண்ணீரிலும் போட்டுப் பார்த்துவிட்டேன். அதனால் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு.

கடை போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த இன்னொரு சேலைக்காரம்மாவின் கணக்கிலிருந்து ஒரு செய்தி வந்தது. "அக்கா, ஒரு போட்டியில நிக்கிறேன். உங்களுக்கு ஒரு நம்பர் வரும், அத அனுப்புங்க, ஓட்டு விழுந்துரும்." நம்பர் வந்தது, அனுப்பினேன். அந்த அம்மாவின் கணக்கே முந்தின நாள் பறிபோயிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு வந்தது என் சொந்தக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றுவதற்கான எண். அடுப்பில் பாலை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்க்கிறேன், என் கடைக்கு வெளியே நான் நிற்கிறேன். என் பெயரைச் சொல்லி வாடிக்கையாளர்களிடம் "அவசரம், ஐயாயிரம் அனுப்புங்க" என்று கேட்டிருக்கிறான். மூன்று பேர் அனுப்பியும் விட்டார்கள். சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் போட்டு, புகார் எழுதி, முகத்தை இடமும் வலமும் திருப்பி வீடியோ எடுத்து அனுப்பி, பதினோரு நாள் கழித்துக் கணக்கு கைக்கு வந்தது. ஆடி வியாபாரம் போனது போனதுதான். அந்த மூன்று பேருக்கும் பணத்துக்கு ஈடாகச் சேலை கொடுத்தேன். ஒரு அம்மா மட்டும், "பரவாயில்ல, எனக்கு மாம்பழக் கலர்ல வேணும்" என்று இன்னொன்றும் சேர்த்து வாங்கிக்கொண்டார்.

கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற தம்பிதான், "அக்கா, ரெண்டாவது பூட்டு ஒண்ணு போடு" என்றான். என் அப்பா திண்டுக்கல்லில் நாற்பது வருடம் பூட்டு ராவியவர். மாங்காய்ப் பூட்டுக்கு நெம்புகோல் தட்டு அறுத்து அறுத்து, வலது கைப் பெருவிரல் இன்றைக்கும் நேராக நீளாது. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, "இப்பவாவது குடுத்தாங்களே" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இந்த இரண்டாவது பூட்டு அவருக்கு ஒரே நிமிடத்தில் புரிந்துவிட்டது. கோயில் உண்டியலில் இரண்டு பூட்டு, சாவி இரண்டு பேரிடம், ஒருவர் மட்டும் வந்தால் திறக்காது. கடவுச்சொல் ஒரு சாவி. போனில் முப்பது விநாடிக்கு ஒருமுறை மாறுகிற ஆறு இலக்க எண் இன்னொரு சாவி. எல்லாம் கேட்டுவிட்டு அப்பா ஒன்றே ஒன்று கேட்டார்: "போனு தொலைஞ்சா மாத்துச் சாவி எங்க இருக்கு, தாயி?"

தம்பியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கவில்லை. அதற்கான கூலி பிறகு வந்தது.

செயலியைத் தேடுவதே முதல் தலைவலி. பிளே ஸ்டோரில் போய் 'ஆதென்டிகேட்டர்' என்று தட்டினால் ஒரே மாதிரி நீலக் கேடயம் வைத்த செயலிகள் வரிசை கட்டி நிற்கும். அவசரத்தில் நான் முதலில் இறக்கியது, இரண்டு தட்டுக்குள் வாரச் சந்தா கேட்டது. பெயர் வேண்டாம், அழித்துவிட்டேன். இந்த வேலைக்குக் காசே கொடுக்க வேண்டியதில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. ஏஜிஸ் இலவசம், விளம்பரம் கிடையாது, மூல நிரலும் எல்லோரும் பார்க்கத் திறந்து கிடக்கிறது. பிளே ஸ்டோரிலும், திறந்த நிரல் செயலிகளுக்கான எஃப்-டிராய்டு என்கிற கடையிலும் கிடைக்கும். எனக்கு நிரல் பார்க்கத் தெரியாது, தம்பிக்குத் தெரியும், அந்த நம்பிக்கைதான். எனக்கே புரிந்த ஒரு விஷயம் உண்டு: இது இணைய அனுமதியே கேட்பதில்லை. வெளியே போக வாசலே இல்லாத பெட்டி, உள்ளே இருப்பதை யாருக்கு அனுப்பும்?

"ஓடிபி வருதே, அது போதாதா?" என்று என்னிடம் சேலை வாங்குகிறவர்களே கேட்கிறார்கள். நம் ஊர் ஆட்களுக்கு ஓடிபி புதிதில்லை. இணையத்தில் வங்கி அட்டையைப் போட்டுப் பணம் கட்ட இரண்டாவது சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டிலேயே கட்டாயமாக்கிவிட்டது. வங்கி விஷயத்தில் இன்றும் பெரும்பாலும் அந்தக் குறுஞ்செய்திதான், அதில் நாம் மாற்ற ஒன்றுமில்லை. ஆனால் மின்னஞ்சலுக்கும் கடைப் பக்கத்துக்கும் நாம் தேர்ந்தெடுக்கலாம். குறுஞ்செய்தி சிம் அட்டைக்கு வருகிறது. யாராவது நம் பெயரில் மாற்று சிம் வாங்கிவிட்டால் அவருக்கு வரும். ஏஜிஸில் எண் எங்கிருந்தும் வருவதில்லை, போனுக்குள்ளேயே பிறக்கிறது. எங்கள் சாயப் பட்டறையில் ஒரு கோடு சிக்னல்கூட வராது. நாலு பக்கமும் தகரம். அங்கே நின்றுகொண்டும் எண்ணைப் பார்த்து, வீட்டில் மடிக்கணினி முன்னால் இருக்கிற நாத்தனாருக்குக் கத்திச் சொல்லியிருக்கிறேன்.

போட்டு முடிப்பதற்கு அரை மணி நேரம் ஆனது. முதலில் செயலிக்கே ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும், விரல் ரேகையையும் சேர்த்துக்கொள்ளலாம். அப்புறம் மின்னஞ்சலின் பாதுகாப்புப் பக்கத்தில் ஒரு க்யூஆர் கட்டம் காட்டுவார்கள், அதைக் கேமராவில் பிடிக்க வேண்டும். கட்டமும் போனிலேயே தெரிகிறதே, எதை எதால் பிடிப்பது? பத்து நிமிடம் கண்ணாடி முன்னால் நின்று யோசித்த ஆள் நான். கட்டத்துக்குக் கீழே எழுத்தாக ஒரு நீளமான ரகசியச் சாவி இருக்கும், அதை எடுத்து ஏஜிஸில் ஒட்டினால் போதும். கட்டத்தைப் படம் பிடித்து அந்தப் படத்திலிருந்தும் எடுக்கலாம். ஆனால் அப்புறம் படத்தை அழிக்க மறக்கக் கூடாது. அந்தக் கட்டத்தின் நகல் யாரிடம் இருக்கிறதோ, அவரிடமும் அதே ஆறு எண் ஓடும்.

எங்கள் வீட்டில் அதைத் தெரிந்தே செய்திருக்கிறோம். கடைப் பக்கத்தை நானும் நாத்தனாரும் சேர்ந்துதான் பார்க்கிறோம். ஒரே கட்டத்தை இரண்டு போனிலும் பிடித்துக்கொண்டோம். இருவருக்கும் ஒரே எண், ஒரே விநாடியில் மாறும். முன்பெல்லாம் நான் குளித்துக்கொண்டிருக்கும்போது, "மதினி, ஓடிபி வந்துச்சா?" என்று கதவைத் தட்டுவாள். அந்தத் தொல்லை ஒழிந்தது.

இன்னொரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். பல தளங்கள் 'கூகுள் ஆதென்டிகேட்டரில் பிடிக்கவும்' என்று எழுதியிருக்கும். அதுதான் வேண்டும் என்று அர்த்தமில்லை. இந்த எண்ணைக் கணக்கிடும் முறை 2011-ல் பொது விதியாக வெளியானது, ஆர்எஃப்சி 6238 என்று தம்பி எழுதிக் கொடுத்தான். அந்த விதிப்படி நடக்கிற எந்தச் செயலியும் செல்லும். கூகுளுடையது 2010-லிருந்தே இருக்கிறது. ஆனால் அதில் இருக்கிற எண்களைக் கூகுள் கணக்கோடு சேர்த்துச் சேமிக்கிற வசதி 2023 ஏப்ரலில்தான் வந்தது. அதுவரை போன் போனால் அதுவும் போச்சு.

போட்ட மறுநாளே ஏஜிஸ் என்னை ஏமாற்றுகிறது என்று முடிவு கட்டிவிட்டேன். எண் போடுகிறேன், தவறு என்கிறது. மறுபடி போடுகிறேன், மறுபடி தவறு. தம்பியிடம் கத்தினேன். "அக்கா, உன் போன்ல மணி என்ன?" என்றான். ஆறு இருபத்தைந்து என்றேன். "இங்க ஆறு இருபதுதான்." எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் பத்து நிமிடம் வேகம், என் போன் ஐந்து நிமிடம் வேகம். திண்டுக்கல் பஸ்ஸைத் தவறவிடக் கூடாது என்று நானே வைத்தது. அந்த ஆறு எண், நம்மிடமும் தளத்திடமும் இருக்கிற ரகசியச் சாவியையும் அந்த நேரத்தையும் சேர்த்துப் பிசைந்து வருவதாம். நேரம் பிசகினால் எண்ணும் பிசகும். கொஞ்ச விநாடி முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், ஐந்து நிமிடத்தைப் பொறுக்கமாட்டார்கள். நேரத்தைத் தானாகச் சரிசெய்ய விட்டேன், சரியாகிவிட்டது. பஸ்ஸை இரண்டு தடவை விட்டேன், அது வேறு.

அன்றாடப் பழக்கத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. 'கடை', 'வீடு', 'அப்பா' என்று மூன்று குழுவாகப் பிரித்து வைத்திருக்கிறேன். தொட்டால் மட்டும் எண்ணைக் காட்டும்படி வைத்துக்கொள்ளலாம், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்தாலும் புள்ளிகள்தான் தெரியும். திரையைப் படம் எடுக்க விடாது. எனக்கு ஒரு இடத்தில் சந்தேகம் வந்து தம்பிக்குத் திரையைப் படம் எடுத்து அனுப்பப் பார்த்தேன், முடியவில்லை. வீடியோ அழைப்பில் திரையைக் காட்டினேன், அவன் பக்கம் கறுப்பாகத்தான் போனது. கடைசியில் நாத்தனார் போனால் என் போனைப் படம் எடுத்து அனுப்பினோம். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் பூட்டு எரிச்சலூட்டாமல் இருந்தால்தான் அப்பா சந்தேகப்படுவார்.

இன்னொரு எரிச்சல்: விரல் வைத்தே திறந்துகொண்டிருந்தால், அவ்வப்போது "கடவுச்சொல் நினைவிருக்கிறதா, ஒருமுறை போடு" என்று கேட்கும். எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். இப்போது திட்டுவதில்லை.

ஏனென்றால் பதினான்காவது மாதம் போன் சாயத் தொட்டியில் விழுந்தது. ரெட்டைக் கலர்ச் சேலையை முடிச்சோடு சிவப்பில் முக்கிக்கொண்டிருந்தோம், குனிந்தேன், மேல் பையிலிருந்து நழுவி நேராக உள்ளே. எடுத்தபோது செவசெவ என்று அழகாகத்தான் இருந்தது. திரும்ப உயிர் வரவில்லை. அரிசியில் புதைத்து வைத்து அரிசியையும் கெடுத்ததுதான் மிச்சம்.

ஏஜிஸில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானாக நகல் எடுக்கிற வசதி இருக்கிறது. நான் அதை முதல் நாளே போட்டு வைத்திருந்தேன், பெருமையாகத்தான். நகல் எந்தக் கோப்புறைக்குப் போக வேண்டும் என்று அது கேட்டபோது, கண்ணில் முதலில் பட்ட கோப்புறையைக் காட்டியிருக்கிறேன். அந்தக் கோப்புறை எங்கே இருந்தது? அதே போனில். மாற்றுச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டியது மாதிரி. அப்பாவிடம் சொல்லவே வெட்கமாக இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார், அது அதைவிட மோசம்.

என்னைக் காப்பாற்றியது ஒரு தாள். மின்னஞ்சலுக்கு இரண்டடுக்குப் பாதுகாப்பு போட்டபோது எட்டு இலக்கத்தில் பத்து எண்கள் கொடுத்தார்கள், ஒவ்வொன்றும் ஒரே தடவை செல்லும். தம்பி மிரட்டியதால் எழுதி, குடும்ப அட்டை வைக்கிற பிளாஸ்டிக் உறைக்குள் செருகியிருந்தேன். புதுப் போனில் அதில் ஒன்றைப் போட்டு மின்னஞ்சலைத் திறந்தேன். அந்த ஒன்று திறந்ததும் பாதி உயிர் வந்துவிட்டது, மற்ற கணக்குகளைத் திரும்பக் கேட்கிற வழிகள் பெரும்பாலும் மின்னஞ்சல் வழியாகத்தானே போகின்றன. ஆனால் என்னிடம் இருந்தவை பதினேழு கணக்குகள், தாள் எழுதி வைத்திருந்தது நாலுக்குத்தான். கடைப் பக்கம் நாத்தனார் போனில் திறந்தே இருந்ததால் தப்பித்தது. மீதியை ஒவ்வொன்றாக மீட்க ஒன்பது நாள். ஒரு கூரியர் கணக்கை மட்டும் மீட்கவே முடியாமல் புதிதாகத் தொடங்கினேன், பழைய ரசீதெல்லாம் போயே போச்சு.

உள்ளதைச் சொல்ல வேண்டும்: அந்த வாரத்தில் குறுஞ்செய்திதான் நல்லது என்று தோன்றியது. நனைந்த போனிலிருந்து சிம்மைக் கழற்றித் துடைத்து அப்பாவின் பட்டன் போனில் போட்டேன், வங்கி ஓடிபி டிங் டிங் என்று வந்து விழுந்தது. சாவி நம் கையில் இருக்கிறது என்றால், தொலைப்பதும் நம் கைதான். ஏஜிஸில் ஒன்றைத் தொலைத்துவிட்டு யாருக்கும் போன் போட்டு அழ முடியாது. அவர்களிடம் நம்முடையது எதுவுமே இல்லை.

இரண்டாம் தடவை ஒழுங்காகச் செய்தேன். ஏஜிஸில் உள்ள எல்லாவற்றையும் கடவுச்சொல்லால் மூடிய ஒரே கோப்பாக வெளியே எடுக்கலாம். எடுக்கும்போது மறையாக்கக் (encrypt) கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள். டிக்கை எடுத்துவிட்டால் எல்லாச் சாவியும் வெறும் எழுத்தாகக் கோப்பில் கிடக்கும். அந்தக் கோப்பை ஒரு பென் டிரைவில் போட்டேன், இன்னொரு பிரதி தம்பியிடம். புதிதாக ஒரு கணக்கு சேர்த்தால் மறுபடி ஒரு பிரதி. போனுக்கு வெளியே வைக்கிற இந்தப் பிரதி தானாக வராது, நாம்தான் எடுக்க வேண்டும், இந்தச் செயலியில் என் பெரிய குறை இதுதான். நகலை இணையத்தில் ஏற்றி வைக்க அவர்களுக்கென்று சொந்த மேகச் சேமிப்பு கிடையாது. நகல் போகிற கோப்புறையை வேறொரு சேவையோடு இணைத்துக்கொள்ளலாம் என்கிறான் தம்பி. அவனுக்கு முடியும்.

அதோடு விடவில்லை. கண்ணாடி விரிசல் விட்ட பழைய போன் ஒன்று கிடந்தது. அதில் ஏஜிஸைப் புதிதாக இறக்கி, பென் டிரைவைச் செருகி, கோப்பைக் காட்டி, கடவுச்சொல்லைப் போட்டேன். பதினாறு பெயர்களும் வரிசையாக வந்து நின்றன. இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து எண்களை ஒப்பிட்டேன், இரண்டும் ஒன்றாக ஓடின. மொத்தம் நாலு நிமிடம், அதில் மூன்று நிமிடம் பென் டிரைவைப் போனில் செருகுகிற குட்டி இணைப்பானைத் தேடியது. கடவுச்சொல் தயங்காமல் விரலுக்கு வந்ததற்குக் காரணம் அந்த அடிக்கடிக் கேள்விதான். எந்தச் செயலி வைத்திருந்தாலும் இந்த ஒத்திகையைப் போன் நன்றாக இருக்கிறபோதே பார்த்துவிடுங்கள்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஏஜிஸ் கிடையாது, ஆண்ட்ராய்டுக்கு மட்டும்தான். நாத்தனார் போன பொங்கலுக்கு ஐபோன் வாங்கியதும் அவளுக்கு 'என்டே ஆத்' போட்டுக் கொடுத்தோம். மலையாளத்தில் 'என்டே' என்றால் 'என்னுடைய'. அதுவும் இலவசம், மூல நிரல் திறந்ததுதான். ஐபோன், ஆண்ட்ராய்டு, கணினி எல்லாவற்றிலும் வரும். கணக்குத் தொடங்கினால் மறையாக்கம் செய்து தானே சேமித்துக்கொள்ளும், 24 சொற்கள் கொண்ட மீட்புச் சாவி ஒன்றைத் தரும். அந்தச் சொற்களைத் தாளில் எழுதி வைக்க வேண்டும், அவ்வளவுதான். பென் டிரைவ், கோப்பு என்றாலே தூக்கம் வருகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். எனக்கு என்னவோ வெளியே போகாத பெட்டிதான் பிடித்திருக்கிறது, அப்பா வளர்ப்பு அப்படி.

தம்பி இதற்கும் மேலே ஒரு படி. அவன் சாவிக்கொத்தில் யூபிகீ என்று விரல் நீளத்தில் ஒரு கருவி தொங்குகிறது, கணினியில் செருகித் தொட்டால் கதவு திறக்கும். ஏஜிஸ் எண்ணை யாராவது போலிப் பக்கம் வைத்துக் கேட்டால் நாம் ஏமாந்து அடித்துவிடலாம். ஓட்டுப் போடச் சொன்னவன் அந்த எண்ணையும் கேட்டிருந்தால் அன்றைக்கு அதையும் அனுப்பியிருப்பேன், பொய் சொல்வானேன். அந்தக் கருவி தளத்தின் முகவரியைப் பார்த்துத்தான் பதில் சொல்லும், போலிப் பக்கத்துக்கு வாயே திறக்காது. நல்லதுதான். ஆனால் ஒன்று வாங்கினால் மாற்றுக்கு இன்னொன்றும் வாங்க வேண்டும். இரண்டுக்குமான விலையில் நான் நூல் வாங்கிப் போட்டுவிடுவேன். பெரிய பணம் புரள்கிறவர்கள் வாங்கலாம்.

ஐந்துக்கு நாலு தருகிறேன். குறைத்த ஒன்று, முதல் நாள் நகல் கோப்புறையைக் கேட்டபோது "இது இதே போனில்தான் இருக்கிறது, பரவாயில்லையா?" என்று ஒரு வார்த்தை என்னை எச்சரிக்காததற்கு. கேட்டிருந்தாலும் 'சரி' என்று தட்டியிருப்பேன் என்கிறான் தம்பி. இருக்கலாம்.

பென் டிரைவை எங்கே வைப்பது என்று அலமாரி, பீரோ எல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பா அதை வாங்கி, காதில் ஒரு பித்தளை வளையம் மாட்டி, வாசல்படிக்கு உள்புறம் இருக்கிற ஆணியில் தொங்கவிட்டுவிட்டார். தெருக்கதவுச் சாவிக்கும் மோட்டார் ரூம் சாவிக்கும் நடுவில் அது ஆடிக்கொண்டிருக்கிறது. கடவுச்சொல் எழுதிய தாள் அங்கே இல்லை. அது எங்கே என்று அவருக்கும் எனக்கும் தெரியும். நாத்தனாருக்கு இன்னும் சொல்லவில்லை, தீபாவளிக்குள் சொல்ல வேண்டும்.